‘சேமிக்கப்பட்டது’ என்றுதானே காட்டியது?

“நீங்கள் முகவரியைத் திருத்திய பிறகு ‘சேமி’ பொத்தானை அழுத்த மறந்திருக்கலாம். தயவுசெய்து மீண்டும் ஒருமுறை முயன்று பாருங்கள்.” ஒரு பயனருக்கு நான் எழுதி அனுப்பிய பதில் இது. பல வருடம் ஆகிவிட்டது. அந்த மாதம் எழுதிய மற்ற பதில்களில் ஒன்றுகூட நினைவில்லை, இது மட்டும் போக மறுக்கிறது. அவருடைய புகார் எளிமையானது: கதவு எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேன், உடனே திருத்தினேன், மறுநாள் பார்த்தால் பழைய தவறே இருக்கிறது. நான் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். தவறான எண்தான் இருந்தது. பிழை லாக்கில் அவர் கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டேட்டாபேஸ் ஒன்று சொல்கிறது, மனிதர் வேறொன்று சொல்கிறார். நான் டேட்டாபேஸை நம்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் அவரிடமிருந்து பதில் வந்தது. திட்டவில்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட், அதில் திருத்திய எண், அதற்கு மேலே பச்சை நிறத்தில் நாங்களே வைத்த வாசகம்: ‘சேமிக்கப்பட்டது’. கீழே ஒரு வரி: “அப்படியென்றால் இது என்ன?”

எங்களிடம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று இயந்திரங்களில் மூன்று நகல்கள் இருந்தன, ஒவ்வொன்றையும் ரெப்ளிகா என்போம். மூன்றில் இரண்டு ரெப்ளிகா ஒப்புக்கொண்டால் எழுதியாயிற்று என்று கணக்கு, படிக்கும்போதும் இரண்டைக் கேட்பது. இரண்டும் இரண்டும் சேர்ந்தால் மூன்றைவிடப் பெரியது, ஆகவே படிப்பவர் கையில் புதியது வந்தே தீரும் என்று வெள்ளைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டவன் நான்தான். கணக்கில் தப்பில்லை. புதியது கைக்கு வந்துதான் தீரும். ஆனால் கைக்கு வந்த இரண்டில் புதியது எது என்று யார் சொல்வது? அதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. அதை நாங்கள் டைம்ஸ்டாம்பிடம், ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒட்டிவரும் நேரக்குறியிடம், விட்டிருந்தோம். எந்த மதிப்பின் டைம்ஸ்டாம்ப் பெரியதோ அது நிற்கும், மற்றது போகும். லாஸ்ட் ரைட் வின்ஸ். கடைசியாக எழுதியதே நிற்கும் என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

கடிகாரம் முந்திக்கொண்டது

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த பிறகுதான் சரியாகத் தேட ஆரம்பித்தோம். இந்த முறையில் தோற்றுப்போன மதிப்பு சுவடே இல்லாமல் போய்விடும். அது பிழையாகக் கருதப்படுவதில்லை, அதனால் லாக்கிலும் வராது. எங்கள் அதிர்ஷ்டம், வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வந்த வரிசையில் குறித்துவைக்கும் காமிட் லாக்கின் நகல்கள் ஒரு வாரத்துக்கு பேக்கப்பில் இருக்கும். குழுவில் மூத்தவர் ஒருவர் அவற்றைப் பிரித்து அந்தக் கணக்குக்கு வந்த எழுத்துகளை, அதாவது டேட்டாபேஸில் எழுதச் சொல்லி வந்த மாற்றங்களை, மட்டும் சலித்தெடுத்தார். இரண்டு வரிகள் கிடைத்தன. முதலில் வந்தது தவறான கதவு எண், அடுத்து வந்தது திருத்தம். வந்த வரிசை அவர் சொன்னபடியே இருந்தது. டைம்ஸ்டாம்ப் மட்டும் தலைகீழ்: பின்னால் வந்த திருத்தத்தின் நேரம், முன்னால் வந்த தவறின் நேரத்தைவிடச் சுமார் இருபது விநாடி குறைவு.

காரணம் அற்பமானது. எங்கள் அப்ளிகேஷன் சர்வர்களில் ஒன்றில் நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி சேவை எப்போதோ நின்றுபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி தள்ளிப்போகும். மூன்று வாரத்துக்கு மேல் விட்டால் நாற்பது விநாடி. அந்த சர்வர் நாற்பது விநாடி எதிர்காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. அவருடைய முதல் சேமிப்பு அதன் வழியாகப் போனது. இருபது விநாடி கழித்துச் செய்த திருத்தம் நேரம் சரியாக இருந்த வேறொரு சர்வர் வழியாகப் போனது. கடந்த காலத்திலிருந்து வந்த திருத்தத்தை எதிர்காலத்திலிருந்து வந்த தவறு அடித்துவிட்டது. ‘சேமிக்கப்பட்டது’ என்ற வாசகம் பொய்யும் இல்லை. இரண்டு ரெப்ளிகாக்கள் அந்தத் திருத்தத்தை வாங்கிக்கொண்டன, வாங்கிய கையோடு தூக்கிப் போட்டன.

என்டிபியை மீண்டும் ஓடவிட்டோம். கடிகாரம் அரை விநாடி பிசகினால் அலாரம் அடிக்கும்படி செய்தோம். டிக்கெட்டை மூடினோம். மூத்தவர் மட்டும் போகிறபோக்கில், “கடிகாரத்தைச் சரி பண்ணிட்டா தீர்ந்துடும்னு நினைக்கிறியா?” என்று கேட்டார். கேலி என்று நினைத்தேன்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். கசாண்ட்ரா என்ற பரவலான டேட்டாபேஸில் இரண்டு மதிப்புகளுக்கும் மைக்ரோ விநாடி வரை ஒரே டைம்ஸ்டாம்ப் இருந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு, பெரியது எதுவோ அதை வைத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டால், எல்லா ரெப்ளிகாவும் ஒரே முடிவுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். அகராதியில் பின்னால் வரும் பெயர் உண்மையான பெயர் ஆகிவிடும். இதைப் படித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால், டைம்ஸ்டாம்பைப் பார்த்து முடிவெடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான், பார்ப்பதற்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

பத்து நிமிடமாகத் திறந்திருந்த பக்கம்

கடிகாரத்தைச் சரிசெய்த பிறகு இந்த வகைப் புகார்கள் நன்றாகக் குறைந்தன. நின்றுபோகவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு வந்தன. முதல் புகாரின் விவரத்தைக் கேட்டதும் சர்வர் கடிகாரங்களைத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாம் மில்லி விநாடிக் கணக்கில் ஒத்துப்போயின. காமிட் லாக்கில் வந்த வரிசையும் டைம்ஸ்டாம்ப் வரிசையும் ஒன்றே. பின்னால் வந்தது பின்னால் வந்ததாகவே பதிவாகியிருந்தது. விதி சொன்னபடி கடைசியாக எழுதியது நின்றிருக்கிறது. அப்புறம் ஏன் ஒருவருடைய புதிய முகவரி காணாமல் போயிற்று?

அந்தக் கணக்கை இருவர் பயன்படுத்தினார்கள். ஒருவர் காலையில் கணினியில் விவரப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். மற்றவர் கைபேசியில் முகவரியை மாற்றிச் சேமித்தார். பத்து நிமிடம் கழித்து முதலாமவர் திரும்பி வந்து, திறந்தபடியே இருந்த பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் சேர்த்துச் சேமித்தார். எங்கள் பக்கம் முழு விவரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும். அவர் தொடாத முகவரியும் அந்த மூட்டையில் இருந்தது, பழைய முகவரி. இருவரும் சரியாகத்தான் செய்தார்கள், கடிகாரங்களும் சரி, மூன்று ரெப்ளிகாக்களும் ஒரே மதிப்பைக் காட்டின. மாற்றியவரின் முகவரியைத்தான் காணோம்.

நான் வெகுநேரம் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என் மனதில் ரெப்ளிகா என்றால் டேட்டா சென்டரில் இருக்கும் மூன்று இயந்திரங்கள். பத்து நிமிடமாகத் திறந்து கிடந்த அந்தப் பக்கமும் ஒரு ரெப்ளிகா என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதில் ஒரு நகல் இருக்கிறது, அது பழையதாகிறது, அதிலிருந்து எழுத்து வருகிறது. அப்படியானால் அதை வேறு என்னவென்று சொல்வது? சட்டைப்பையில் சிக்னல் இல்லாமல் கிடக்கும் கைபேசியும் அப்படித்தான். எங்கள் கிளஸ்டரில், அதாவது இயந்திரக் கூட்டத்தில், மூன்று நோடு (இயந்திரம்) என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஆயிரக்கணக்கில் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை மனிதர்கள் முன்னால் இருந்தன. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே இயந்திரத்தில் ஓடும் சாதாரண டேட்டாபேஸிலும் இதே விபத்து நடக்கும், பாடப்புத்தகத்தில் ‘லாஸ்ட் அப்டேட்’ (lost update, தொலைந்த மாற்றம்) என்று பெயரும் இருக்கிறது. நாங்கள் பரவலான சேமிப்பு என்ற பெரிய சொல்லுக்குள் நின்றுகொண்டு இந்தச் சின்ன விஷயத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் நிகழ்வுகளின் வரிசையைப் பற்றி 1978-இல் எழுதிய கட்டுரையை அந்த வாரம்தான் ஒழுங்காகப் படித்தேன். அதற்கு முன்பும் மேற்கோள் காட்டியிருக்கிறேன், படித்ததில்லை. அதில் அவர் கேட்பது மணி எத்தனை என்பதைப் பற்றியே இல்லை. ஒரு நிகழ்வின் செய்தி இன்னொன்றை எட்டியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. எட்டியிருக்க முடியும் என்றால் அது முந்தையது. இரண்டு பக்கமும் செய்தி போயிருக்க வாய்ப்பில்லை என்றால் இரண்டும் கன்கரன்ட். கன்கரன்ட் என்ற சொல்லை ‘ஒரே நேரத்தில்’ என்று நான் மனதில் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். தப்பு. ‘ஒன்றை ஒன்று அறியாமல்’ என்பதுதான் பொருத்தம். அந்தக் கணக்கின் இருவரும் பத்து நிமிட இடைவெளியில் சேமித்திருந்தும் அந்த எழுத்துகள் கன்கரன்ட்தான். கதவு எண்ணைத் திருத்தியவரின் இரண்டு சேமிப்புகளோ, நேரம் தலைகீழாக இருந்தும், கன்கரன்ட் ஆகாது. தவறைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவர் திருத்தினார். அவருக்கு எது முன், எது பின் என்று நன்றாகத் தெரியும். நாங்கள் அவரைக் கேட்காமல் சுவரில் மாட்டிய கடிகாரத்தைக் கேட்டோம்.

கடிகாரத்தையே நம்பும்படி ஆக்கிவிடலாமே என்று ஒரு வழி உண்டு, கூகுள் அதைச் செய்தது. அதன் ஸ்பேனர் டேட்டாபேஸைப் பற்றி 2012-இல் வெளியான கட்டுரையில் விவரம் இருக்கிறது: டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ் ஆன்டெனாவும் அணுக் கடிகாரமும் வைத்து, ‘இப்போது மணி இது’ என்று ஒரு புள்ளியைச் சொல்லாமல் ‘இதற்கும் இதற்கும் நடுவில் எங்கோ’ என்று ஓர் இடைவெளியைச் சொல்லும் ஏற்பாடு. அந்தச் சந்தேகம் சில மில்லி விநாடி அளவுக்கு இருக்கும், அது தீரும் வரை எழுத்து காத்திருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நேர்மை. கடைசி எது என்று நாணயமாகச் சொல்வதற்கே இவ்வளவு செலவும் காத்திருப்பும் தேவைப்படுகிறது. அத்தனையும் வைத்திருந்தாலும், பத்து நிமிடமாகத் திறந்து கிடந்த பக்கத்தை அது காப்பாற்றியிருக்காது.

சேர்ப்பது எளிது, நீக்குவது?

பிறகு வழக்கமான மருந்துகளை எடுத்தோம். ஒவ்வொரு பதிவுடனும் வெர்ஷன் வெக்டர்: எந்த ரெப்ளிகா வழியாக எத்தனை மாற்றம் வந்தது என்ற எண்களின் வரிசை. பக்கம் திறக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுப்பது, சேமிக்கும்போது திருப்பி வாங்குவது. இப்போது எழுத்து வரும்போதே ‘இவர் எதைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்’ என்று தெரியும். பார்த்துவிட்டு எழுதியது என்றால் பேசாமல் மாற்றலாம். பார்க்காமல் எழுதியது என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளவேண்டும். 1983-லேயே இந்த யோசனையை எழுதிவைத்துவிட்டார்கள். நாங்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தோம். பழைய பக்கத்திலிருந்து வருவதை ஏற்க மறுத்து ‘பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள்’ என்று சொல்லிவிடுவது இன்னும் எளிது. ஆனால் பத்து நிமிடம் தட்டிய ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மாற்றிவிட்டு மாலையில் இணையும் கைபேசியிடம் அது செல்லவும் செல்லாது.

மூட்டையைப் பிரித்ததும் பாதிப் பிரச்சினை காணாமல் போனது. முகவரியை ஒருவர், தொலைபேசி எண்ணை ஒருவர் மாற்றினால் அதில் முரணே இல்லை. முரணை நாங்களே கட்டி வைத்திருந்தோம். எச்சரிக்கைச் செய்தி போகவேண்டிய எண்களின் பட்டியலை ஒரு கணமாக (set) ஆக்கி, இரண்டு பதிப்பு வந்தால் இரண்டையும் ஒன்றுசேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். யாருடையதும் தொலையாது. எல்லோரும் தலையாட்டினோம்.

மூன்று வாரத்தில் அடுத்த புகார் வந்தது. ஒருவர் பட்டியலிலிருந்து நீக்கிய எண் திரும்பி வந்துவிட்டது. அந்த எண்ணை அவர் நீக்கியதற்குக் காரணம் இருந்தது, அது இனி தன்னைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளக் கூடாத ஒருவருடைய எண். அந்த எண்ணுக்கு எங்கள் அமைப்பு ஒரு செய்தியும் அனுப்பிவிட்டது. ஒன்றுசேர்ப்பது பாதுகாப்பானது என்று நினைத்த எங்களுக்கு அன்று முகம் தொங்கிப்போயிற்று. அமேசான் தன் டைனமோ என்ற சேமிப்பு அமைப்பைப் பற்றி 2007-இல் எழுதிய கட்டுரை இதை மறைக்காமல் சொல்லியிருந்தது: கடைக் கூடையில் சேர்த்தது ஒருபோதும் தொலையக் கூடாது, அதற்கு விலையாக நீக்கிய பொருள் சில சமயம் திரும்பத் தலைகாட்டும். ஒரு கூடையில் அது பரவாயில்லை, திரும்ப நீக்கிக்கொள்ளலாம். எங்கள் பட்டியலில் தொலைவதைவிடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. ஒரே கணம், ஒரே ஒன்றுசேர்ப்பு, ஆனால் அதற்குள் இருப்பது என்ன என்பதைப் பொறுத்து எது தப்பு என்பது தலைகீழாகிறது. இது ஸ்டோரேஜுக்கு எப்படித் தெரியும்?

நீக்கியதையும் ஒரு தகவலாகவே வைத்துக்கொள்வதுதான் தீர்வு. டூம்ஸ்டோன் என்பார்கள், கல்லறைக் கல். ‘இங்கே ஒன்று இருந்தது, நீக்கப்பட்டது’ என்று. அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அடுத்த தலைவலி. கசாண்ட்ராவில் இயல்பான கெடு 864000 விநாடி, அதாவது பத்து நாள். ஒரு நோடு அதற்கு மேல் செத்துக் கிடந்துவிட்டு, பழுதுபார்க்காமல் திரும்பி வந்தால், கல்லை எல்லோரும் எடுத்துவிட்ட பிறகு அது மட்டும் செத்ததை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். பதினைந்து நாள் இணைக்கப்படாத கைபேசியை நினைத்துப் பாருங்கள். 2011-இல் ஷாபிரோவும் சகாக்களும் முறைப்படுத்திய சிஆர்டிடி (CRDT, முரணில்லாமல் தானாக ஒன்றுசேரும் டேட்டா) வகைகளில் இதற்கு இன்னும் நேர்த்தியான ஏற்பாடுகள் உண்டு, பலவற்றை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். எந்த வரிசையில் வந்தாலும் எல்லா நகலும் ஒரே இடத்தில் வந்து சேரும் என்று அவை உறுதி தருகின்றன. சேரும் இடம் பயனர் விரும்பிய இடம்தானா என்பது வேறு கேள்வி. சேர்த்தலும் நீக்கலும் மோதினால் எது நிற்கவேண்டும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து முடிவு செய்யவேண்டியிருக்கிறது. எங்கள் பட்டியலுக்கு நீக்கலே நிற்கும் என்று வைத்தோம்.

யாரிடம் கேட்பது

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வகை மிச்சமிருந்தது. இருவர், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே முகவரியை இரண்டு விதமாக மாற்றுவது. ஒன்றுசேர்க்க முடியாது, பாதி முகவரியும் பாதி முகவரியும் சேர்ந்து ஒரு முகவரி ஆகாது. இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. பயனரிடம் இரண்டையும் காட்டி எது சரி என்று கேட்போம் என்றேன். தயாரிப்பைப் பார்த்துக்கொண்டவர் ஒப்பவில்லை. “நம்ம வீட்டுக் குழப்பத்தை ஏன் அவங்க கண்ணுல காட்டணும்?” என்றார். எத்தனை பேருக்கு இது நடக்கும் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. டைனமோ கட்டுரையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: 24 மணி நேரத்தில் கூடைச் சேவைக்கு வந்த கோரிக்கைகளில் 99.94 சதவீதம் ஒரே ஒரு பதிப்பைத்தான் பார்த்தன. மிச்சத்துக்காக ஒரு திரையை வடிவமைப்பதா?

நான் சொன்ன பதில் இன்றும் என் பதில். பிழைகள் அரிதாக இருக்கும்போது அவற்றைப் பேசாமல் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அரிதாக நடப்பதால்தான் யாரும் பாதிக்கப்பட்டவரை நம்புவதில்லை. தினமும் நூறு பேருக்கு நடந்திருந்தால் ‘சேமி’யை அழுத்த மறந்திருக்கலாம் என்று நான் எழுதியிருக்கமாட்டேன். கவுச்டிபி என்ற டேட்டாபேஸ் இந்த இடத்தில் பாதி வழி வருகிறது: மோதும் பதிப்புகளில் ஒன்றை ஜெயித்ததாக எல்லா நகலிலும் ஒரே மாதிரி தேர்ந்தெடுக்கும், தோற்றதை அழிக்காமல் வைத்திருக்கும். ஆனால் முரண் இருக்கிறதா என்று நாமாகக் கேட்டால்தான் சொல்லும். கேட்காத அப்ளிகேஷன்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அவற்றில் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன்.

அந்த வாக்குவாதத்தில் எனக்குக் கைகொடுத்தது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் வெளிப்படையாக எழுதிய விபத்து அறிக்கை. 2018 அக்டோபர் 21 அன்று நெட்வொர்க் 43 விநாடி துண்டிக்கப்பட்டது. அதற்குள் முதன்மை டேட்டாபேஸ் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாறியது. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத எழுத்துகள் தங்கிவிட்டன. ஒரு பக்கத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் சீக்கிரம் எழுந்திருக்கலாம். அவர்கள் டேட்டாவைக் காப்பதையே தேர்ந்தெடுத்தார்கள், சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. மிகவும் சுறுசுறுப்பான ஒரு கிளஸ்டரில் அந்த இடைவெளியில் சிக்கியவை 954 எழுத்துகள். அவற்றில் தானாகச் சேர்க்கக்கூடியவை எவை, பயனரிடம் பேசவேண்டியவை எவை என்று பிரிப்பதாக எழுதியிருந்தார்கள். ‘பயனரிடம் பேசவேண்டியவை’ என்ற அந்தப் பகுதியைத்தான் கூட்டத்தில் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

கடைசியில் திரை வந்தது. சின்னத் திரை: இரண்டு முகவரிகள், எது எந்தக் கருவியிலிருந்து வந்தது, அடுத்து ‘இது’, ‘இது’ என்று இரண்டு பொத்தான்கள். கூடவே ஒரு காலிப் பெட்டியும் வைக்கவேண்டும் என்று மூத்தவர் அடம்பிடித்தார். எதற்கு என்று கேட்டால் “இருக்கட்டும்” என்றார். டைம்ஸ்டாம்பைத் திரையில் காட்டவேண்டாம் என்று நான் அடம்பிடித்தேன். காட்டினால் எல்லோரும் பெரிய எண்ணையே அழுத்துவார்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்ற பச்சை வாசகத்தையும் மாற்றப் பார்த்தோம். ‘பெறப்பட்டது’, ‘பதிவாகிறது’ என்று பல சொற்களைப் போட்டுப் பார்த்து, எதுவும் ஒப்பாமல் பழையதையே விட்டுவிட்டோம்.

முதல் வாரத்தில் அந்தத் திரை ஐந்து பேருக்குப் போனது. நான்கு பேர் இரண்டில் ஒன்றை அழுத்தியிருந்தார்கள், அதில் மூவர் தேர்ந்தெடுத்தது முன்னால் எழுதப்பட்டதை. ஐந்தாமவர் இரண்டு பொத்தானையும் தொடவில்லை. காலிப் பெட்டியில் வேறொரு முகவரியைத் தட்டியிருந்தார். அன்று மாலை, பழைய டிக்கெட்டைத் தேடி எடுத்து, கதவு எண்ணைத் திருத்திய அந்த மனிதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள், உங்கள் திருத்தம் எங்களுக்கு வந்து சேர்ந்தது, அதைத் தூக்கிப் போட்டது நாங்கள்தான் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “அது எனக்கு அப்போதே தெரியும்.”